தொழிற்கல்லூரியில் இரசாயனத்தின் முதற்பாடம்

பொருள்களின் இயல்பையும், அவை ஒன்றோடொன்று கூடியும் பிரிந்தும் மாறும் முறையையும் ஆராய்வது இரசாயன சாஸ்திரம். கலைக்கல்லூரிகளில் இச்சாஸ்திரத்தை விரும்பித் தேர்ந்து கற்க வருவோர் உளர். தொழிற்கல்லூரியின் நிலைமை வேறு. பாலிடெக்னிக் எனப்படும் அக்கல்லூரியில் சேரும் மாணாக்கன் இயந்திரத்தையோ, மின்சாரத்தையோ, கட்டட வேலையையோ நாடி வருகின்றான். முதலாண்டிலேயே இரசாயனம் அவன் முன் வந்து நிற்குங்கால், தான் போகவேண்டிய வழியில் எழுப்பப்பட்டதொரு சுங்கச் சாவடியாகவே அவன் அதனைக் கருதுகின்றான். செலுத்த வேண்டியதைச் செலுத்திவிட்டு அப்பாற் செல்வதே அவன் நோக்கம். அவ்வாறு சென்றவன் பின்னர் ஒரு கொதிகலத்தின் அருகிலோ, மின்கல அடுக்குகளின் அருகிலோ, கடற்கரையில் எழும் கட்டடமொன்றிலோ வேலைக்கு நிற்பான். அங்கே அவனுக்கும் அவனைச் சூழ்ந்தோர்க்கும் துணை நிற்க வேண்டியது அவன் கற்றதாக எண்ணி மறந்த அச்சாஸ்திரமே. ஆதலின், அதனை அவனுக்குக் கற்பிக்கத் தொடங்கும் முறை யாது என்பது ஆராயத் தக்கதாம்.

முதற்கண், மாணாக்கன் யாவன் என்பதை அறிதல் வேண்டும். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேறியவுடன் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பிற் சேருவோர் பலர். அவர்கட்குப் பதினைந்து அல்லது பதினாறு வயது இருக்கும். தமிழ் வழியாகப் பள்ளிப் படிப்பை முடித்தவர்களும், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்களும் அவருட் பலர். 'கணக்கு வராது, ஆகையால் தொழிலுக்குப் போ' என்று பிறர் சொல்லக் கேட்டு வந்தோரும் இல்லாமலில்லை. இச்சொல் அவர் நெஞ்சில் ஆழப் பதிந்துவிடுகின்றது. ஆயினும், அவர்களுள் ஒருவனிடம் பழுதுற்ற மிதிவண்டியைக் கொடுத்துப் பாருங்கள். எந்தத் திருகாணி தளர்ந்தது, எந்தக் குண்டு தேய்ந்தது என்று நொடிப் பொழுதில் கண்டு சொல்லுவான். காரணத்தினின்று காரியத்தையும், காரியத்தினின்று காரணத்தையும் உய்த்துணரும் அறிவு அவனிடம் உண்டு. அது கையின் வழியாக வேலை செய்து பழகியது. தாளின் வழியாக வேலை செய்யப் பழகவில்லை. அவ்வளவே.

இவ்வுண்மையை மேனாட்டார் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஓரளவு கண்டனர். ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் ஆண்டர்ஸன் கலாசாலையில் ஆசிரியராயிருந்த ஜார்ஜ் பிர்க்பெக் என்பார், தம் வகுப்புக்கு வேண்டிய கருவியொன்றைச் செய்துதரப் பட்டறைத் தொழிலாளரிடம் ஒப்புவித்தார். தாங்கள் செய்யும் கருவி எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறிய அத்தொழிலாளர் கொண்ட ஆவலைக் கண்டு அவர் வியந்தார். 1800-ஆம் ஆண்டில் அவர்களுக்கென்றே கட்டணமின்றிச் சொற்பொழிவுகளை ஆற்றத் தொடங்கினார். 1823-இல் இலண்டனில் தொழிலாளர் கல்விச் சங்கம் தோன்றுதற்கும் அவர் காரணராயினார். ஏறக்குறைய அக்காலத்தே, கொல்லர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிய மைக்கேல் பாரடே, கட்டுதற்கு வந்த நூல்களையே படித்து அறிவு பெற்றார். ஜேன் மார்செட் அம்மையார் உரையாடல் வடிவில் எழுதி 1806-இல் வெளிவந்த இரசாயன நூல் அவரைப் பெரிதும் ஈர்த்தது. 1813-இல் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் உதவியாளராக அமர்ந்த அவர், பிற்காலத்தில் ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துக்காட்டாகக் கொண்டே இளைஞர்க்கு இரசாயனத்தை விளக்கினார். யாவரும் கண்ட பொருளொன்றினின்று தொடங்கி, ஒருவரும் காணாத அணுவை நோக்கி அழைத்துச் செல்லுதலே அவரது முறை.

இம்முறை ஏன் வேண்டும்? இரசாயனம் கற்பதற்கு அரிதாயிருப்பதன் காரணத்தைக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜான்ஸ்டோன் 1991-இல் ஒரு கட்டுரையில் தெளிவாக்கினார். இச்சாஸ்திரம் மூன்று தளங்களில் நடைபெறுகின்றது. கண்ணாற் காண்பதும் கையாற் தொடுவதும் ஒரு தளம். துருவும் புகையும் நுரையும் அத்தளத்தன. அணுவும் மூலக்கூறும் மனக்கண்ணுக்கே புலப்படும் இரண்டாந்தளம். குறியீடும் சமன்பாடும் கணக்கும் எழுத்தில் அமைந்த மூன்றாந்தளம். ஆசிரியர் நெடுநாட் பழக்கத்தால் இம்மூன்றிலும் ஏறியும் இறங்கியும் ஒரே மூச்சில் பேசிவிடுவார். மாணாக்கனோ படிக்கட்டு எங்குளது என்பதையே அறியாது நிற்பான். ஒரே சமயத்தில் மூன்றையும் தாங்கப் புதிதாய்க் கற்பவன் மனத்தில் இடமில்லை. ஆகவே அவன் விளங்கிக்கொள்ளும் முயற்சியைக் கைவிட்டு, மந்திரம்போல் உருப்போடத் தலைப்படுகின்றான்.

தொழிற்கல்லூரி மாணாக்கன் முதல் தளத்தில் நன்கு பழகியவன்; அவன் பலம் அங்கேயே உள்ளது. நமது வகுப்புகளோ பெரும்பாலும் மூன்றாந்தளத்தில் தொடங்குகின்றன. அணுவின் கட்டமைப்பு, இணைதிறன், சமன்பாடு என்று முதல் மாதம் கழிந்துவிடுகின்றது. அவனுக்குப் பலமுள்ள இடத்தை விட்டுப் பலமில்லாத இடத்தில் நிறுத்தி, பின்னர் 'மந்த புத்தியுடையவன்' என்று தீர்ப்பளிப்பது நேர்மையாகுமா? முதற்பாடம் அவன் கையறிந்த பொருளினின்றே எழுதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. அஃது எவ்வாறு கூடும் என்பதை மூன்று எடுத்துக்காட்டுகளாற் காண்போம்.

முதலாவது, துரு. மூன்று சோதனைக் குழாய்களில் பளபளப்பான இரும்பாணிகளை இடுக. முதற்குழாயில் சாதாரண நீரை ஆணி பாதி மூழ்குமாறு ஊற்றுக. இரண்டாவதில் நன்றாய்க் கொதிக்கவைத்து ஆறிய நீரை ஆணி முழுதும் மூழ்க ஊற்றி, மேலே சிறிது எண்ணெய் விடுக. மூன்றாவதில் நீர் விடாது, ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடைப் போட்டு வாயை இறுக அடைத்திடுக. சில நாட்களில் முதற்குழாயின் ஆணி மட்டும் துருப்பிடித்திருக்கும். 'நீரிலே கிடந்தும் இரண்டாவது ஆணி ஏன் துருவவில்லை? காற்றிலே இருந்தும் மூன்றாவது ஏன் துருவவில்லை?' என்று வினவி ஆசிரியர் வாளா இருத்தல் வேண்டும். நீரும் காற்றும் ஒருங்கு கூடினாலன்றித் துரு உண்டாகாது என்பதை மாணாக்கனே சொல்லுவான். தானே கண்ட உண்மையை எவனும் எளிதில் மறப்பதில்லை.

அதன்பின் இரண்டாந்தளத்திற்கு ஏறலாம். காற்றிலுள்ள பிராணவாயு இரும்பின் அணுக்களோடு கூடுகின்றது என்று கூறின், கேட்கும் செவி ஆயத்தமாயிருக்கும். மூன்றாந்தளம் இறுதியில் வரும். நீர்ச்சேர்க்கையை ஒதுக்கி நோக்கின், 112 கிராம் இரும்பு 48 கிராம் பிராணவாயுவோடு கூடி 160 கிராம் இரும்பு ஆக்ஸைடு ஆகின்றது. அதாவது ஏழு பங்கு இரும்பும் மூன்று பங்கு பிராணவாயுவும் பத்துப் பங்கு ஆகின்றன. 'துருப்பிடித்தால் இரும்பின் எடை குறையும்' என்று நம்பியிருந்தவன் இங்கே திடுக்கிடுவான். உதிர்ந்து வீழ்ந்த துருவையும் சேர்த்து நிறுத்தால் எடை கூடியிருக்கும் என்பது அவனுக்குப் புதுமை. துரு இரும்பினும் மிகுதியான இடத்தை அடைப்பது. அதனாலேயே காங்கிரீட்டினுள் கம்பி துருவும்போது அது பருத்து மேற்பூச்சைப் பிளக்கின்றது. சிமென்ட்டின் காரத்தன்மை கம்பியைக் காக்கும். உப்பு அக்காவலைக் குலைக்கும். கம்பியிட்ட காங்கிரீட்டுக்குக் கடல்நீர் ஆகாது என்று மேஸ்திரி சொல்வதன் உட்பொருள் இதுவே.

துத்தநாகம் பூசிய கூரைத் தகட்டில் கீறல் விழுந்தாலும் அவ்விடம் எளிதில் துருவாது; வெள்ளீயம் பூசிய தகர டப்பாவில் கீறல் விழுந்தால் விரைவில் துருவும். துத்தநாகம் இரும்புக்கு முன்னே தான் கரைந்து அதனைக் காக்கின்றது; வெள்ளீயமோ, மூடியிருக்கும் வரையில் காத்து, திறப்பு ஏற்பட்டபின் இரும்பையே முன்னே கரையவிடுகின்றது. இரண்டு தகடுகளையும் கீறி, உப்பு நீரில் வைத்துக் காட்டினால், உலோகங்களின் வினைத்திறன் வரிசையைப் பாடமாக்க வேண்டிய தேவையே பெரிதும் குறைந்துவிடும்.

இப்பாடம் நம் நாட்டில் வெறும் ஏட்டுப்பாடம் அன்று. 1914-இல் திறக்கப்பெற்ற பாம்பன் இரயில் பாலம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உப்புக் காற்றோடு போராடியது. 2022-இன் இறுதியில் அதன்மேல் இரயில் ஓடுவது நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பெற்றது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் நல்க, 1948-இல் காரைக்குடியில் அடிக்கல் நாட்டப்பெற்று 1953-இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோகங்களின் அரிமானத்தையும் தன் முக்கிய ஆராய்ச்சிகளுள் ஒன்றாகக் கொண்டது. இரும்பாணியில் தொடங்கிய பாடம் இத்துணைத் தூரம் செல்லும்.

இரண்டாவது, எண்ணிக்கையும் எடையும். 'மோல்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் மருளாத மாணாக்கர் அரியர். ஒரு மோல் என்பது 6.02214076-ஐப் பத்தின் இருபத்துமூன்றாம் அடுக்கால் பெருக்கிய எண்ணிக்கை. 2019 மே 20 முதல் இவ்வெண்ணே வரையறையாக வழங்குகின்றது. இவ்வெண்ணைக் கரும்பலகையில் எழுதி அச்சுறுத்துவதற்கு முன், இரும்புக் கடைக்குச் செல்வோம். கடைக்காரர் ஆணிகளை ஒவ்வொன்றாய் எண்ணுவதில்லை, நிறுத்துக் கொடுக்கின்றார். ஒரு போல்ட்டின் எடை 50 கிராம், ஒரு நட்டின் எடை 10 கிராம், ஒவ்வொரு போல்ட்டுக்கும் இரண்டு நட்டு வேண்டும் என்று கொள்வோம். 5 கிலோ போல்ட்டு வாங்கினால் எத்துணைக் கிலோ நட்டு வாங்குதல் வேண்டும்? 100 போல்ட்டு, 200 நட்டு. ஆகவே 2 கிலோ. நட்டு 3 கிலோ வாங்கியிருந்தால் ஒரு கிலோ எஞ்சும். இணைகள் நூற்றுக்கு மேல் ஆகா. இதனைப் பட்டறை மாணாக்கன் காகிதமின்றியே சொல்லிவிடுவான்.

அங்ஙனமாயின் அவனுக்கு மோல் விளங்கிவிட்டது. பெயர் மட்டுமே இன்னும் தெரியவில்லை. போல்ட்டின் இடத்தில் பிராணவாயு அணுவையும், நட்டின் இடத்தில் ஹைட்ரஜன் அணுவையும் வைக்க. 16 கிராம் பிராணவாயுவுக்கு 2 கிராம் ஹைட்ரஜன் சேர்ந்து 18 கிராம் நீர் உண்டாகும். ஹைட்ரஜன் 10 கிராம் கொடுத்தாலும் 8 கிராம் எஞ்சி நிற்குமேயன்றி நீர் மிகாது. எண்ணுதற்கு இயலாத சிறு பொருளை நிறுத்து எண்ணும் உபாயமே மோல் என்பது இதனால் தெளிவாகும்.

இக்கணக்கு எங்கே பயன்படும் என்று அவன் கேட்பான்; கேட்கவும் வேண்டும். கொதிகலத்தை எடுத்துக்கொள்வோம். கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட்டு 162 கிராம் வெப்பத்தாற் சிதையுமாயின், 100 கிராம் கால்சியம் கார்பனேட்டும் 18 கிராம் நீரும் 44 கிராம் கரியமில வாயுவும் ஆகும். அக்கார்பனேட்டே கொதிகலத்தின் உட்புறத்தில் கற்போற் படிவது. ஒரு லிட்டர் நீரில் கார்பனேட்டுக் கணக்கில் 200 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ளதெனவும், ஒரு கொதிகலம் மணிக்கு 1000 லிட்டராக நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் நீரை ஆவியாக்குகின்றதெனவும் கொள்வோம். நாள்தோறும் அதனுள்ளே புகும் படிவுப் பொருள் 2 கிலோ. இருபத்தைந்து நாளில் 50 கிலோ. ஒரு மூட்டைச் சிமென்ட்டின் எடை அது! அப்படிவு வெப்பத்தை எளிதிற் கடத்தாது. எனவே எரிபொருள் வீணாகும். குழாய்ச் சுவர் அளவுக்கு மீறிக் காய்ந்து தன் வலியை இழக்கும். படிவு வெடித்துப் பெயருமிடத்தில் நீர் மிகக் காய்ந்த உலோகத்தைத் தொடின் ஆவி திடீரெனப் பெருகும். அருகில் நிற்பவர் உயிர் அப்பொழுது அந்த இரும்பின் வலிமையையே நம்பியிருக்கின்றது.

இதற்குப் பரிகாரம் யாது? 1841-இல் தாமஸ் கிளார்க் என்பார் கண்ட முறையில், இத்தகைய நீரோடு நீற்றிய சுண்ணாம்பைச் சேர்த்தால் கார்பனேட்டு முன்னரே அடியிற் படிந்துவிடும். சுண்ணாம்பைக் கொண்டே சுண்ணாம்பை நீக்கும் விந்தை இது! ஆயின் அளவு தவறலாகாது. 100 கிராம் கார்பனேட்டுக்கு ஈடான கடினத்தன்மைக்கு 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பு வேண்டும். மேற்சொன்ன 2 கிலோவுக்கு 1480 கிராம். குறையின் கடினம் நீங்காது. மிகின் மிகுந்த சுண்ணாம்பே நீரில் கரைந்து புதிய கடினத்தை உண்டாக்கும். நட்டும் போல்ட்டும் சொன்ன பாடம் இங்கே ஆலையைக் காக்கும் பாடமாகிவிட்டது. சமன்பாடு மந்திரமன்று, வரவு செலவுக் கணக்கு என்பதை இதனினும் தெளிவாய்க் காட்டுதல் அரிது.

மூன்றாவது, எச்சரிக்கை. கந்தகத் திராவகத்தை நீரில் சிறிது சிறிதாய்க் கலக்கியவாறு ஊற்றுக, நீரைத் திராவகத்தில் ஊற்றற்க என்பது எல்லா ஆய்வுக்கூடங்களிலும் சொல்லப்படும் விதி. காரணம் சொல்லாத விதி பரீட்சை முடிந்தவுடன் மறையும். நீரினும் அத்திராவகம் ஏறத்தாழ 1.84 மடங்கு கனமானது. அதன்மேல் வீழும் நீர் மேலே மிதந்து, கலக்கும்போது எழும் பெருவெப்பத்தால் அங்கேயே கொதித்துத் திராவகத்தோடு முகத்தில் தெறிக்கும். மாறாக, திராவகத்தை நீரில் விட்டால் அது கீழிறங்கிப் பரவும். எழும் வெப்பத்தை மிகுதியான நீர் ஏற்றுக்கொள்ளும். இதனை உணர்ந்தவன் விதியை மறந்தாலும் தானே அதனை மீண்டும் இயற்றிக்கொள்ள வல்லவன்.

மோட்டார் வண்டியின் ஈய மின்கல அடுக்கும் இத்தகையதே. மின்னேற்றம் நிரம்பியபோது அதனுள்ளிருக்கும் திராவகத்தின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.28, மின்சாரம் செலவாகுந்தோறும் திராவகம் தகடுகளோடு கூடி நீர் மிகுவதால் அது குறைகின்றது. பட்டறையில் அடர்த்திமானியை வைத்துப் பார்க்கும் தொழிலாளி அறிந்தோ அறியாமலோ ஒரு சமன்பாட்டையே வாசிக்கின்றான். மின்னேற்றம் அளவு கடந்தால் நீர் பிரிந்து ஹைட்ரஜனும் பிராணவாயுவும் வெளிவரும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு முதல் 75 பங்கு வரை ஹைட்ரஜன் கலந்திருப்பின் ஒரு பொறியால் அது தீப்பற்றும். மூடிய அறையில் மின்னேற்றம் செய்யலாகாது, அருகிற் பீடி பற்றவைக்கலாகாது என்பன இதனால் விளங்கும்.

'இவ்வாறு தொழிலையே பேசிக்கொண்டிருந்தால் சாஸ்திரம் சமையற் குறிப்பாகத் தாழ்ந்துவிடாதோ?' என்று சிலர் ஐயுறலாம். ஐயம் நியாயமானதே. துருவைக் காட்டி அணுவுக்கு ஏறாமல் நின்றுவிட்டால் அக்குறை நேரும். இன்று கற்கும் இயந்திரம் பத்தாண்டிற் பழையதாகும். புதிய பொருள்களும் புதிய மின்கலங்களும் வந்துகொண்டேயிருக்கின்றன. கொள்கையை அறிந்தவனே அவற்றை எதிர்கொள்ள இயலும். ஆதலின் தொழிற்பொருள் பாடத்தின் வாயிலாக வேண்டுமேயன்றி, அதன் எல்லையாதல் கூடாது. வாயில் எங்கே இருக்கவேண்டும் என்பதிலேயே நாம் வேறுபடுகின்றோம்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கிலப் பாடநூலைத் திறந்தவுடன் சோர்வடையும் மாணாக்கனுக்குப் பொருள் விளங்காமை ஒன்று, சொல் விளங்காமை ஒன்று என இரு சுமைகள் உள. முதலிற் பொருளைத் தமிழில் விளக்கி, பின் ஆங்கிலச் சொல்லை அதன்மேற் பொருத்தினால் ஒரு சுமை இறங்கும். இது புதிய யோசனையன்று. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவர் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் 1875-இல் தமிழில் வெளிவந்தது. பிற்காலத்தே இராஜாஜி 'திண்ணை இரசாயனம்' எழுதினார். திண்ணையிலே பேசத்தக்க சாஸ்திரம் தொழிற்கல்லூரி வகுப்பிலே பேசுதற்கு அரிதாமோ?

இவையனைத்திற்கும் நேரம் எங்கே என்று ஆசிரிய நண்பர் வினவுவர். பாடத்திட்டம் நீண்டது, பரீட்சை அண்மையது என்பது உண்மையே. ஆயினும் மேற்கூறிய சோதனைகளுக்கு வேண்டுவன ஆணியும் எண்ணெயும் சுண்ணாம்பும் தராசும் தவிர அதிகமில்லை. முதல் மாதத்தில் செலவிடும் சில மணி நேரம் பின்வரும் மாதங்களிற் பன்மடங்காய்த் திரும்பும். ஏனெனில், விளங்கிக்கொள்ள இயலும் என்னும் நம்பிக்கையை ஒருமுறை பெற்றவன் பிறகு தானே நடப்பான்.

இக்கல்லூரியிற் பயின்று வெளியேறுவோருள் சிலர் ஆசிரியராவர். அவருட் சிலர் தொழிற்கல்லூரிகளுக்குச் செல்லவும் கூடும். சிலர் தொழிற்சாலைகளை நடத்தி, பட்டயம் பெற்ற இளைஞரை வேலைக்கு அமர்த்துவர். அவர்கள் யாவரும் ஒன்றை நினைவிற் கொள்வாராக. தம்மைப் பற்றித் தாழ்வாகவே கேட்டுப் பழகிய ஒரு பதினாறு வயதுச் சிறுவன், இரண்டு ஆணிகளைக் கையில் வைத்து ஒப்புநோக்கி, 'ஐயா, காற்றும் நீரும் இரண்டும் வேண்டும்' என்று தன் வாயாற் சொல்லும்போது, அவன் ஒரு சாஸ்திர உண்மையைத் தானே கண்டவனாகின்றான். அந்தக் கணத்தை அவனுக்கு ஆக்கித் தருதலே இரசாயன ஆசிரியரின் முதற்கடமை. ஏனைய பாடங்கள் அதன்பின் வரும்.